டிக்கெட் எடுக்காத பாசெஞ்சர்

அஷ்வின் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். எல்.கே.ஜி. படிக்கிற அஷ்வின் பென்சில் தொலைந்தால் அழுவான். தொலைந்த பென்சில் கிடைத்துவிட்டால், இது அந்தப் பென்சில் இல்லை என்று அதற்கும் அழுவான். ஆனால் அன்றைக்கு அழுத அழுகை வேறு. சத்தமே வரவில்லை. கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா சிந்து அவனுடைய பையை வாங்கி ஆணியில் மாட்டினாள். அவள் ஆறாம் வகுப்பு.

"என்னடா ஆச்சு? யாராவது அடிச்சாங்களா?"

"இல்ல. மிஸ் எல்லாரையும் எழுப்பி நிக்க வெச்சுக் கேட்டாங்க. காலையில உங்கப்பா என்ன சொல்லி உன்னை எழுப்புவாருன்னு."

"நீ என்ன சொன்னே?"

"டக் டக்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

சிந்துவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அஷ்வின் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவர்கள் அப்பா அப்படித்தான் எழுப்புவார்.

அப்பா அர்ஜுனன் சிட்டி பஸ் கண்டக்டராக இருந்தவர். ஹோசூர் ரோட்டில் அவர் போகாத நாள் கிடையாது. பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் பின் படிக்கட்டில் நின்று அவர் கொடுக்கும் குரல் டிரைவரின் காது வரைக்கும் போகும் என்பார்கள். அஷ்வின் பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு அவருடைய தொண்டையில் ஒரு கட்டி வந்தது. பொல்லாத கட்டி. ஆஸ்பத்திரியில் கட்டியோடு சேர்த்துக் குரல்பெட்டியையும் எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார். குரல் போய்விட்டது.

இப்போது அவர் பஸ் டிப்போவில் ஸ்டோர் ரூமில் வேலை பார்க்கிறார். கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பார். கண்டக்டர் விசில் மட்டும் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. ஊத முடியாது. அதனால் அதை வைத்துத் தட்டுவார். மேஜையில், கதவில், கட்டில் காலில், எது கிடைக்கிறதோ அதில். பஸ்ஸில் ஒரு விசில் கொடுத்தால் 'நில்', இரண்டு விசில் கொடுத்தால் 'போகலாம்'. வீட்டிலும் அதே கணக்குத்தான். ஒரு தட்டு தட்டினால் 'வேண்டாம்'. இரண்டு தட்டினால் 'சரி'.

"அக்கா, அப்பாவுக்குக் குரல் இருந்துச்சா?" என்று கேட்டான் அஷ்வின்.

"இருந்துச்சுடா. இந்தத் தெரு முழுக்கக் கேக்கும்."

"பொய்."

"சத்தியமாடா!"

"அப்போ அது எப்படி இருக்கும்? பண்ணிக் காட்டு."

சிந்து தொண்டையைச் செருமிக்கொண்டாள். அப்பா பஸ் நிறுத்தங்களைக் கத்துவது போலக் கத்திக் காட்டலாம் என்று வாயைத் திறந்தாள். "மடிவாளா, சில்க் போர்டு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். வந்த குரல் அவர்கள் பள்ளிக்கூட டிரில் மாஸ்டருடையது. மறுபடி முயன்றாள். இந்தத் தடவை பால்காரர் குரல் வந்தது.

அப்பாவின் குரல் அவளுக்கு நினைவில்லை. என்ன பேசினார் என்பது ஞாபகம் இருந்தது, எப்படிப் பேசினார் என்பது போயே போய்விட்டது.

"பாத்தியா, பொய்தானே?" என்று சொல்லிவிட்டு அஷ்வின் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் அம்மா வனஜா கார்மென்ட்ஸ் ஃபேக்டரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சிந்து போய் நின்றாள்.

"அம்மா, ராஜேஷ் மாமா குடுத்த டிஸ்க் எங்கேமா?"

ராஜேஷ்குமார் மாமா அம்மாவின் தம்பி. எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். புதிதாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி, வீட்டில் நடப்பதையெல்லாம் வீடியோ எடுத்துத் தள்ளுவார். பிறகு வெளிநாட்டுக்கு மாற்றல் வந்தது. போகும்போது அந்த வீடியோவையெல்லாம் ஒரு வெள்ளி டிஸ்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, "எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் ஓடும்" என்று சொல்லிப் போனார். அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? தெருமுனை பிரவுசிங் சென்டரில் கேட்டால், வைரஸ் வந்துவிடும் என்று டிஸ்க் போடும் இடத்தையே டேப் ஒட்டி மூடி வைத்திருந்தார்கள். கீழ்வீட்டு சந்திரம்மாவின் ப்ளேயரில் சினிமா வி.சி.டி. நன்றாக ஓடும், இதைப் போட்டால் முழித்துக்கொண்டு நிற்கும். டிஸ்க் அரிசி டப்பாவுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

அஷ்வின் பள்ளியில் நடந்ததைச் சிந்து சொன்னாள்.

"தீபாவளி போனஸ்ல கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை எனக்கு ஓவர்டைம் இருக்கு. நீயும் அப்பாவும் போய் ஒரு ப்ளேயர் வாங்கிட்டு வாங்க. விலை கம்மியா இருக்கணும். அந்த டிஸ்க் ஓடணும். கடைக்காரன் சொல்றதைக் கேட்டு ஏமாந்துட்டு வராதே, டிஸ்கைக் கையோட எடுத்துட்டுப் போய்ப் போட்டுப் பாரு."

அப்பா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சிந்து அவர் பக்கம் திரும்பினாள். "போலாமாப்பா?"

விசில் கட்டில் காலைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றது. வெகு நேரம் கழித்து, டக் டக்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். நிற்கவும் இல்லை, வலுக்கவும் இல்லை. அஷ்வினைச் சந்திரம்மாவிடம் விட்டுவிட்டு, டிஸ்கை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு சிந்து கிளம்பினாள்.

முதல் கடை ரொம்பப் பெரிய கடை. சுவர் முழுக்க டி.வி. எல்லா டி.வி.யிலும் ஒரே மஞ்சள் மீன் நீந்திக்கொண்டிருந்தது. டை கட்டிய அண்ணன் ஒருவர் வந்தார்.

"நம்ம ப்ளேயர்ல ஓடாத டிஸ்கே கிடையாது சார். இங்க பாருங்க, எத்தனை ஸ்டிக்கர்! கல்லைப் போட்டாலும் படம் வரும்."

அப்பா கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோய் நூல் இழுப்பது போல இழுத்துக் காட்டினார். இவன் ரீல் விடுகிறான் என்று அர்த்தம்.

"அப்பா என்ன சொல்றாரும்மா?" என்றார் டை அண்ணன்.

"ஸ்டிக்கர் நல்லா இருக்குன்னு சொல்றாரு" என்றாள் சிந்து. வெளியில் போகும்போது எப்போதுமே அவள்தான் அப்பாவுக்கு வாய். அப்பா சொல்வதையெல்லாம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தால் ஊரில் பாதிப் பேரோடு சண்டை வந்திருக்கும்.

"அண்ணா, எங்க டிஸ்கைப் போட்டுக் காட்டுங்க."

டை அண்ணன் மீன் டிஸ்கை எடுத்துவிட்டு அதைப் போட்டார். ப்ளேயர் உள்ளே ஏதோ முனகியது. பிறகு நீலத் திரையில் 'நோ டிஸ்க்' என்று வந்தது. உள்ளே போனதை மூன்று பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், டிஸ்கே இல்லையாம்!

"உங்க டிஸ்க்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். மீன் மறுபடி நீந்தத் தொடங்கியது.

இரண்டாவது கடை சுந்தரம் என்பவருடையது. சின்னக் கடை. அவர் விலை குறைந்த ப்ளேயர் ஒன்றை எடுத்து, பின்னால் மூன்று வயர்களைச் செருகி டி.வி.யோடு இணைத்தார்.

"எந்த வயர் எதுக்கு அங்கிள்?" என்று கேட்டாள் சிந்து.

"மஞ்சள் படத்துக்கு. சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. அவ்வளவுதான் வித்தை" என்றார் சுந்தரம்.

டிஸ்க் உள்ளே போனது. நீலத் திரை போய்... படம் வந்துவிட்டது!

அவர்கள் வீட்டுக் கூடம். வரிசையாகப் பலகையும் ஸ்டூலும் போட்டு, பஸ் மாதிரி அமைத்திருந்தது. முன்பல் இல்லாத சின்னச் சிந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தோளில் பையோடு அப்பா நின்றார். கழுத்தில் துணி இல்லை. வாயை அகலத் திறந்து எதையோ கத்தினார்.

சத்தம் வரவில்லை.

சுந்தரம் ஒலியைக் கூட்டினார். வயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். ஒன்றும் இல்லை. திரையில் அப்பா வாயசைத்துக்கொண்டே இருந்தார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நிஜ அப்பாவும் பார்த்தார்.

"வயர்ல கோளாறு இல்லம்மா" என்றார் சுந்தரம். "இந்த மாதிரி ஃபைல்ல படம் ஒரு வகை, சத்தம் ஒரு வகை. ப்ளேயர் ரெண்டையும் புரிஞ்சுக்கணும். இது படத்தை மட்டும்தான் எடுக்குது."

"படம் வருதில்ல, அது போதாதா? ஊமைப் படம்னு நெனச்சுப் பாத்துக்க வேண்டியதுதான்!" என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொல்லிச் சிரித்தார். பிறகுதான் அவர் அப்பாவின் கழுத்துத் துணியைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்பா கண்ணாடி மேஜையில் ஒரு தட்டு தட்டினார். டக். வெளியே நடந்துவிட்டார்.

சிந்துவுக்குக் கண் எரிந்தது. டிஸ்கை வாங்கிக் கவரில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

மடிவாளாவில் இன்னொரு கடை இருக்கிறது என்று சுந்தரம் சொல்லியிருந்தார். பஸ்ஸில் போனார்கள். கண்டக்டர் அப்பாவைப் பார்த்ததும் கையைத் தூக்கிச் சலாம் வைத்தார். அப்பாவும் வைத்தார். "முந்தெ ஹோக்ரீ! முந்தெ ஹோக்ரீ!" முன்னால் போங்க என்று அந்தக் கண்டக்டர் கன்னடத்தில் கத்திக் கூட்டத்தைத் தள்ளினபோது, அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது கடைக்காரர் சேஷகிரி. வாயில் வெற்றிலை, பேச்சில் பாதி கன்னடம், பாதி தமிழ். சிந்து நடந்ததையெல்லாம் ஒப்பித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கொத்தாய்த்து, புரிஞ்சுடுச்சு. உனக்கு வேணும்கிறது இதோ இந்த எழுத்து" என்று ஒரு ப்ளேயரின் நெற்றியில் இருந்த 'டிவ்எக்ஸ்' என்ற முத்திரையைக் காட்டினார். "கம்ப்யூட்டர் ஃபைலெல்லாம் இதுல ஓடும். இது இருந்தா விலை ஜாஸ்தி. ஆனா இந்த ஒரு பீஸ் மட்டும் வர்ற வழியில டப்பா நசுங்கிடுச்சு. யாரும் வாங்க மாட்டேங்கறாங்க. மெஷின் சரியாதான் இருக்கு. பாதிக்குப் பாதி கொறச்சுத் தரேன். பேக்கா, பேடவா? வேணுமா, வேணாமா?"

"மொதல்ல டிஸ்கைப் போடுங்க அங்கிள்."

"புத்திசாலிப் பொண்ணு!"

டிஸ்க் உள்ளே போனது. திரையில் ஃபைல் பெயர்கள் வரிசையாக வந்தன. மாமா வைத்த பெயர்கள். சேஷகிரி ரிமோட்டை நீட்டிப் பொத்தானை அழுத்தப் போனார்.

அப்பாவின் கை குறுக்கே வந்து ரிமோட்டை மூடியது.

டக்.

"ஏன்பா? ஓடும்போல இருக்குபா!"

டக். இன்னும் பலமாக. கடை வாசலில் இருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா டிஸ்கை எடுத்துத் தரும்படி சைகை காட்டிவிட்டு, படியிறங்கி மழையில் போய் நின்றார்.

சிந்துவுக்குக் கோபம் பொங்கியது. பஸ் நிறுத்தத்தின் கூரைக்கடியில் போய் அப்பாவைப் பிடித்தாள்.

"முதல் கடையில ஓடல, சரி. ரெண்டாவது கடையில சத்தம் வரல, சரி. இந்தக் கடையில என்ன கொறை? விலை கம்மி. எல்லாம் ஓடும். அம்மா சொன்ன மாதிரியே இருக்கு. உங்களுக்கு இது வாங்கவே பிடிக்கல, இல்ல?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். விசில் கைக்குள் இருந்தது. தட்டவில்லை.

சிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்பாவின் சைகைகள் எல்லாம் தெரியும். ரீல் விடுவது தெரியும், பசிப்பது தெரியும், 'அம்மா கோபமாக இருக்கிறாள், ஓடிவிடு' தெரியும். இந்த முகம் மட்டும் புதிது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் அது என்னவென்று பிடிபட்டது. அப்பா பயந்துகொண்டிருந்தார்.

"உங்க குரலைக் கேக்கப் பயமாப்பா?" என்று மெல்லக் கேட்டாள்.

அப்பா இடுப்பு உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினார். அஷ்வின். பிறகு காதைத் தொட்டு, கடையைக் காட்டினார். அஷ்வின் அந்தக் குரலைக் கேட்பான். அப்புறம் கழுத்துத் துணியைத் தொட்டு, விசிலைத் தூக்கிக் காட்டி, வேண்டாம் என்பது போல ஒதுக்கித் தள்ளினார்.

சிந்துவுக்குப் புரிந்தது. அந்த அப்பாவைப் பார்த்துவிட்டால், அதன்பிறகு இந்த 'டக் டக்' அப்பாவை அவனுக்குப் பிடிக்காமல் போய்விடுமோ?

அவளுடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஐயோ அப்பா!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பேருந்துகள் வந்தன, போயின. எதிலும் அவர்கள் ஏறவில்லை.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டுமா? திட்டக் கூடாது" என்றாள் சிந்து. "அஷ்வின் உங்க குரலைக் கேட்டதில்ல. நான் கேட்டிருக்கேன். ஆனா எனக்கு மறந்துபோச்சுப்பா. அவன் பண்ணிக் காட்டுன்னான், எனக்கு வரவே இல்ல. ராத்திரி படுத்துட்டு யோசிச்சேன், அப்பவும் வரல. அவனுக்காக மட்டும் இல்லப்பா. எனக்கும் வேணும்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. கூரையைத் தாங்கிய இரும்புக் கம்பியில் விசிலை வைத்தார்.

டக். டக்.

சேஷகிரி அவர்கள் திரும்பி வந்ததைப் பார்த்து வாயைத் திறந்தார், சிந்துவின் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"அங்கிள், சத்தம் வருதான்னு பாக்கணும். ஆனா கடையில யாருக்கும் கேக்கக் கூடாது."

"இதென்னம்மா கொடுமை! யாருக்கும் கேக்காத சத்தத்தை எப்படிப் பாக்கறது?"

"சத்தத்தை ரொம்பக் கம்மி பண்ணுங்க. நான் பாத்துக்கறேன்."

சேஷகிரி ஒலியைக் குறைத்தார். அப்பா வாசலில் மழையைப் பார்த்து நின்றுகொண்டார். சிந்து டி.வி.யின் ஓரத்தில் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் காதை ஒட்டி வைத்தாள். கடைப் பையன்கள் இருவரும் கடைக்கு வந்த ஒரு மாமியும் அவளை விநோதமாகப் பார்த்தார்கள்.

சிந்து கண்ணை மூடினாள். திறந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, விரலால் மேஜையில் தட்டினாள். டக் டக்.

"அப்படின்னா?" என்றார் சேஷகிரி.

"பேக்கு அங்கிள். இதையே குடுங்க."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மாவும் வந்திருந்தாள். அஷ்வின் நசுங்கிய டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்பா மட்டும் கூடத்தின் கோடியில், வாசற்படி ஓரமாக உட்கார்ந்துகொண்டார். தேவைப்பட்டால் எழுந்து போய்விட வசதியான இடம்.

சிந்து ப்ளேயரை டி.வி. பக்கத்தில் வைத்தாள். மஞ்சள் வயரை எடுத்தாள், டி.வி.யில் மஞ்சள் ஓட்டையில் செருகினாள். சிவப்பையும் வெள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவற்றை அப்படியே தொங்கவிட்டாள்.

அப்பாவிடம் போய்க் காதோடு சொன்னாள். "படத்தை நான் போட்டுட்டேன்பா. சத்தம் உங்க இஷ்டம். நீங்க போடலைன்னாலும் நான் கோச்சுக்க மாட்டேன். நிஜமா."

படம் வந்தது. பலகை பஸ். முன்பல் இல்லாத சிந்து. சுவரில் சாய்ந்து, பெரிய வயிற்றோடு அம்மா. நடுவில் தோள்பையோடு அப்பா.

"ஐ, அப்பா!" என்று அஷ்வின் கைதட்டினான். திரையில் அப்பாவின் வாய் அசைந்தது. அஷ்வின் காத்திருந்தான். டி.வி.க்கு இன்னும் பக்கத்தில் போனான். கைதட்டல் நின்றது.

"அக்கா, டி.வி.லயும் அப்பா பேச மாட்டேங்கறாரே" என்றான்.

அம்மா சிந்துவைப் பார்த்தாள். தொங்குகிற வயர்களைப் பார்த்தாள். கூடத்தில் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அப்பா எழுந்தார். வெளியே போகப் போகிறார் என்றுதான் சிந்து நினைத்தாள். அவர் டி.வி. பக்கம் வந்தார். குனிந்தார். சிவப்பைச் சிவப்பில் செருகினார். வெள்ளையை வெள்ளையில் வைத்தார், அது நழுவியது, மறுபடி எடுத்து அழுத்தினார்.

"...சில்க் போர்டு, பொம்மனஹள்ளி, கூட்லு கேட்! ஏறுங்க, ஏறுங்க! முந்தெ ஹோக்ரீ! பஸ்ஸு காலியா இருக்கு, படியில என்ன வேலை?"

கூடம் அதிர்ந்தது. கரகரவென்று, கொஞ்சம் மூக்கால் பேசுகிற, சிரிப்பை அடக்கிக்கொண்டு கத்துகிற குரல். சிந்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுதான், இதேதான்! இதை எப்படி மறந்தாள்?

அஷ்வின் டி.வி.க்குப் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தான். அங்கே தூசிதான் இருந்தது. திரும்பி வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"கண்டக்டர், சந்திரனுக்கு ஒண்ணு குடுங்க" என்றாள் திரையில் சின்னச் சிந்து.

"சந்திரனுக்கு இந்த பஸ் போகாதும்மா. ஹெப்பகோடியில இறங்கி வேற பஸ் மாறணும்!"

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். திரையில் அப்பா அம்மாவிடம் வந்து, அவள் வயிற்றைப் பார்த்து இடுப்பில் கை வைத்தார்.

"யாருப்பா அது உள்ள? எல்லாரும் டிக்கெட் வாங்கியாச்சு, ஒரு பாசெஞ்சர் மட்டும் எடுக்காம வர்றாப்ல இருக்கு! நிம்மதியா தூங்கு ராஜா. வெளியில வந்ததும் அப்பா கையால மொத டிக்கெட் உனக்குத்தான்!"

அதோடு வீடியோ நின்றது. நீலத் திரை வந்தது.

அஷ்வின் மெதுவாகத் திரும்பினான். "அது நானா?" என்று கேட்டான்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா அஷ்வினையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் கையில் இருந்தது, ஆனால் கையைத் தூக்கவில்லை. அந்தக் குரலுக்கு முன்னால் இந்தத் தட்டு எதற்கு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அஷ்வின் அவரிடம் நடந்து வந்தான். கழுத்துத் துணியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். பிறகு உள்ளங்கையை நீட்டினான்.

"டிக்கெட் குடுக்கறேன்னு சொன்னீங்க இல்ல? குடுக்கவே இல்ல."

அப்பா சட்டைப் பையைத் துழாவினார். ஒரு காகிதம் கிடைத்தது. கண்டக்டர்கள் கிழிக்கும் அதே வேகத்தில் அதன் ஓரத்தைச் சரக்கென்று கிழித்து, மடித்து, அஷ்வின் கையில் வைத்தார்.

"ஐயையோ!" என்று அம்மா அலறினாள். "அது ப்ளேயரோட பில்லு! கேரண்டி சீல் அதுலதான் இருக்கு!"

சிந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவின் தோள்களும் குலுங்கின. சத்தமில்லாத சிரிப்புத்தான், ஆனாலும் அப்படி அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அஷ்வின் யாரையும் கவனிக்கவில்லை. கேரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நசுங்கிய டப்பாவை இழுத்து வந்து, அப்பாவுக்கு முன்னால் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தான்.

"டிக்கெட் எடுத்தாச்சு கண்டக்டர். சீக்கிரம் டக் டக் அடிங்க, பஸ்ஸு போகணும்."

அப்பா விசிலை எடுத்தார்.

டக். டக்.

பஸ் கிளம்பிவிட்டது.